பட்டறைக் கேள்வி–பதில்: பெயரில்லாத பெட்டி

இந்த மாதம் பகுதி முழுவதையும் ஒரே டி.வி. பெட்டி விழுங்கிவிட்டது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. தபாலில் பதில் எழுதினேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. நடுவில் வேறு சிலரும் அதே சங்கதியைத் தொட்டுக் கேட்டிருந்ததால் அவற்றையும் இங்கேயே சேர்த்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரில் ஹம் வருகிறது என்று எழுதிய மூவரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, என் பெரியப்பா சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவர். அவர் காலமான பிறகு பரணிலிருந்து ஒரு டி.வி. பெட்டியை இறக்கினோம். இரண்டு பேர் பிடித்தும் மூச்சு வாங்கிவிட்டது. கம்பெனிப் பெயர், மாடல் எண் எதுவும் இல்லை. பின்பக்கம் ஒரு தகடுகூடக் கிடையாது. பெட்டி ஒட்டுப்பலகையில் கையால் அறுத்துச் செய்தது. உள்ளே வால்வுகளை எண்ணினேன்: 29. பிக்சர் டியூபையும் சேர்த்தால் 30. டியூபின் முகம் வட்டமாக, குறுக்கே 10 அங்குலம் இருக்கிறது. சேனல் குமிழில் 1 முதல் 13 வரை எண்கள். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் 117 என்று மட்டும் போட்டிருக்கிறது. பெரியப்பா தானே கட்டியது என்று பெரியம்மா சொல்கிறார். ஆனால் அது ஓடி எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இது என்ன பெட்டி? சர்க்யூட் இல்லாமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: அது கிட் பெட்டி. துளை போட்ட சேசிஸ் (உதிரிகள் ஏறும் உலோகச் சட்டம்), பொட்டலம் பொட்டலமாக உதிரிகள், ஒரு விளக்கப் புத்தகம், இவ்வளவுதான் பெட்டியில் வரும். மரக்கூடு பெரும்பாலும் தனி. வேண்டுமென்றால் வாங்கலாம், இல்லையென்றால் நாமே செய்துகொள்ளலாம். அதனால் விற்றவன் பெயர் புத்தகத்தின் அட்டையில் மட்டும்தான் இருக்கும். புத்தகம் தொலைந்தால் பெயரும் தொலைந்தது. பின்மூடியில் தகடு தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் பாதி ஜாதகத்தை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். முதலில் அந்த 117. அமெரிக்க மெயின்ஸ் வோல்ட்டேஜை அந்தக் காலத்தில் அப்படித்தான் குறிப்பார்கள். அடுத்தது குமிழில் இருக்கும் 1. அமெரிக்காவில் 1-ஆம் சேனலை 1948-இல் எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு வடிவமைத்த பெட்டிகளில் எண் 2-இல்தான் தொடங்கும். 14 முதல் 83 வரையிலான யு.எச்.எஃப். சேனல்கள் வந்தது 1952-இல். ஆக உங்கள் டியூனர், அதாவது சேனலைப் பிடிக்கும் பகுதி, 1948-க்கு முந்தைய வடிவமைப்பு. (படத்தை 405 வரியாக வரையும் பிரிட்டன் பெட்டிகளிலும் 1 முதல் 13 உண்டு. ஆனால் அங்கே மெயின்ஸ் 117 அல்ல.)

அடுத்தது 30 வால்வு, 10 அங்குல வட்டம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1946-இல் ஆர்சிஏ கம்பெனி 630டிஎஸ் என்று ஒரு பெட்டி விட்டது. 30 வால்வு, 10 அங்குல 10பிபி4 டியூப். போர் முடிந்து டி.வி. மறுபடி தலைதூக்கியபோது வந்தவற்றில் அதுதான் பெரிய பெயர். அந்த சர்க்யூட்டை எத்தனையோ பேர் எடுத்தாண்டார்கள். சின்னச் சின்னக் கம்பெனிகள் அதையே கிட்டாகப் பொட்டலம் கட்டி விற்றன. உங்களுடையதும் அந்த வம்சம் என்றுதான் நினைக்கிறேன். உறுதி செய்ய மூன்று இடம் பாருங்கள். டியூனரில் 6ஜே6 என்ற குட்டி வால்வு மூன்று இருக்க வேண்டும். தலையில் தொப்பி போல இணைப்புள்ள 6பிஜி6ஜி ஒன்று இருக்க வேண்டும். பவர் சப்ளையில் 5யூ4ஜி இரண்டு. பிக்சர் டியூபின் கழுத்தில் லேபிள் இருந்தால் அதையும் படியுங்கள்: முதல் எண் அங்குலம், கடைசியில் வரும் பி4 வெள்ளைத் திரை. பி1 என்றிருந்தால் பச்சைத் திரை, அது அலைக்காட்டிக்குச் செய்த டியூப். அதையும் டி.வி.யில் போட்டவர்கள் உண்டு. பிரிட்டனில் போருக்குப் பின் விமானப்படை கழித்துப்போட்ட விசிஆர்97 என்ற 6 அங்குல ரேடார் டியூபில் பச்சையாகப் படம் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரு கூட்டமே இருந்தது.

எந்த வருடம் கட்டினார் என்று தெரிய வேண்டுமா? வால்யூம், பிரைட்னஸ் கண்ட்ரோல்களின் முதுகைப் பாருங்கள். 137823 என்பது போல எண் அடித்திருக்கும். 137 என்றால் சிடிஎஸ் கம்பெனி. அடுத்த ஒற்றை எண் வருடத்தின் கடைசி இலக்கம், கடைசி இரண்டும் வாரம். இந்த உதாரணம் 1948-இன் 23-ஆம் வாரம். 58 என்றும் படிக்கலாம், ஆனால் இந்த வால்வுகளோடு அது ஒட்டாது. ஒன்றைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எல்லாவற்றையும் எழுதி, பின்னால் மாற்றியது போல் தெரிவதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் கடைசித் தேதியை எடுங்கள். அதற்கு முன்னால் கட்டியிருக்க முடியாது.

இனி முக்கியமான விஷயம். சர்க்யூட் இல்லாமல் முடியுமா என்கிறீர்கள். சர்க்யூட்டை நீங்களே சேசிஸைப் பார்த்து வரைய வேண்டும். 630-இன் சர்க்யூட் கிடைத்தாலும் வரைய வேண்டும். கம்பெனிப் பெட்டி என்றால் அது தொழிற்சாலையை விட்டுப் போகும்போது ஓடியது என்பது நிச்சயம். ஓடியது நின்றிருக்கிறது, நின்ற காரணத்தைத் தேடுகிறோம். கிட் பெட்டிக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. அது ஒருநாளும் ஓடாமலேகூட இருந்திருக்கலாம்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிட் பெட்டியோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். வால்வை மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன், கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரைக்கூடச் சந்தேகப்பட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது. கட்டியவர் மங்கிய மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, ரெசிஸ்டரின் மூன்றாவது வளையம் சிவப்பா ஆரஞ்சா என்று தெரியாமல் 4.7 கே இருக்க வேண்டிய இடத்தில் 47 கே வைத்திருந்தார். பழுதாகாத பொருளில் பழுதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து கிட் என்று சொன்னால் முதலில் பென்சிலைத்தான் எடுப்பேன்.

ஒவ்வொரு சாக்கெட்டாக எடுங்கள். அடியிலிருந்து பார்க்கும்போது சாவிக் காடியில் தொடங்கிக் கடிகாரம் சுற்றும் திசையில் 1, 2, 3 என்று எண்ண வேண்டும். எந்தக் காலிலிருந்து எது எங்கே போகிறது என்று வரைந்து, முடித்த கம்பியை போட்டோவில் வண்ணப் பேனாவால் அடித்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஒரு மாதம் ஆகும். ஆகட்டும், எழுபது வருடம் பரணில் இருந்த பெட்டி.

ஒன்றே ஒன்று: டியூனருக்கு அடுத்து சிக்னலைப் பெருக்கும் ஐ.எஃப். பகுதியின் காயில் திருகைத் தொடவே தொடாதீர்கள். கிட்டில்கூட டியூனரையும் ஐ.எஃப். பகுதியையும் அவர்களே டியூன் செய்து அனுப்புவது வழக்கம். அந்தப் பெட்டியிலேயே ஒழுங்காக இருக்க வாய்ப்புள்ளது அது ஒன்றுதான்.

கேள்வி: பழைய வால்வு டி.வி. ஒன்று கிடைத்தது. சும்மா ஒரு தரம் பிளக்கில் சொருகிப் பார்த்தால் என்ன?

பதில்: பார்க்கலாம். பிறகு என்னிடம் கேள்வி கேட்க ஆளிருக்க வேண்டுமே என்றுதான் கவலை.

பெட்டிக்கு வரும் ஆபத்தை முதலில் சொல்கிறேன். மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர்கள் ஈரம் வாங்கிக் கசிந்திருக்கும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) போகும் கண்டென்சர் கசிந்தால் கிரிட்டில் பிளஸ் ஏறும், வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், அதோடு சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரும் போகும். கண்டென்சர் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது. ஒரு நிமிட ஆசைக்கு இந்த விலை.

இனி உங்களுக்கு. எல்லோரும் பிக்சர் டியூபைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டியூபின் கண்ணாடி 500 பிகோஃபாரட், 10,000 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் அதில் நிற்பது 0.025 ஜூல். பவர் சப்ளையில் ஒரு 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர், 350 வோல்ட்: 6 ஜூலுக்கு மேல். இருநூறு மடங்குக்கும் அதிகம். டியூப் உங்களைத் தூக்கிப் போடும், விழுகிற இடத்தில் அடிபடலாம். பவர் சப்ளை சத்தமில்லாமல் ஆளை முடிக்கும். இதில் மோசமானது, மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேரடியாக 2,000, 3,000 வோல்ட் எடுக்கும் பழைய வீட்டுத் தயாரிப்புகள். கிட் உலகத்தில் அவை நிறைய உண்டு. படத்தின் வரிகளை இழுக்கும் லைன் டிரான்ஸ்ஃபார்மரில் பிறக்கும் ஈ.எச்.டி.யை, அதாவது பிக்சர் டியூபுக்குப் போகும் உயர் வோல்ட்டேஜை, தொட்டால் அது மூச்சுத் திணறி இறங்கிவிடும். இது இறங்காது, கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வகை, டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் வால்வு ஹீட்டர்களை (உள்ளே கனலும் இழைகளை) தொடராகக் கோத்தது. பிஎல், பிசிஎல், பிஒய் என்று பி-யில் தொடங்கும் ஐரோப்பிய வால்வுகள் இருந்தால் அநேகமாக இதுதான். இதில் சேசிஸே மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். நான் ஒருமுறை பிளக்கைத் திருப்பிச் சொருகிவிட்டு முழங்கையை சேசிஸ் ஓரத்தில் ஊன்றினேன். அடுத்து நினைவிருப்பது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அன்று பழகியதுதான், திறந்த பெட்டியில் மீட்டர் வைக்கும்போது இடது கை சட்டைப் பைக்குள் இருப்பது.

செய்ய வேண்டியது: மெயின்ஸ் வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராகப் போட்டு சீரிஸ் லாம்ப் கட்டுங்கள். எல்லா வால்வையும் கழற்றிவிட்டு முதலில் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். பல்பு முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கி அடங்கினால் ஒரு படி தாண்டியாயிற்று. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

கேள்வி: (முதல் வாசகர், இரண்டாவது கடிதம்) நீங்கள் சொன்ன மூன்றும் இருக்கின்றன. டியூபின் கழுத்தில் 10பிபி4. கண்ட்ரோல்களில் கடைசித் தேதி 1948-இன் 31-ஆம் வாரம். 630-இன் சர்க்யூட் கிடைத்துவிட்டது, பெட்டியோடு ஒத்துப்போகிறது. எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: நல்லது. முதலில் டியூபைப் பாருங்கள், அது போயிருந்தால் மற்றதெல்லாம் பிறகு. கழுத்தின் உள்பக்கம் பளபளவென்று வெள்ளிப் பூச்சு தெரிய வேண்டும். பால் போல வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, கதை முடிந்தது. கழற்றும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். அந்தக் காலத்து டியூபுக்கு வெடிப்புத் தடுப்புப் பட்டை கிடையாது.

பேப்பர் கண்டென்சர் எல்லாவற்றையும், ஒன்று விடாமல் மாற்றுங்கள். மீட்டரில் நல்லதென்று காட்டினாலும் மாற்றுங்கள். மீட்டர் கொடுப்பது சில வோல்ட், கசிவு தெரிவது 300 வோல்ட்டில். அதே மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பிலிம் கண்டென்சர் போதும். லைன் பகுதியில் இருக்கும் டாம்பர் வால்வைச் சுற்றி இருப்பவற்றுக்கு இன்னும் கூடுதல் வோல்ட். எலெக்ட்ரோலிட்டிக் எல்லாம் புதிது. மைக்காவையும் செராமிக்கையும் சும்மா விடுங்கள். கார்பன் ரெசிஸ்டர் ஒவ்வொன்றையும் ஒரு காலைத் தூக்கி அளங்கள். அவை வயதாக ஆக மேலே போகும், 470 கே என்று போட்டது 700 கே காட்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கழற்றி மாட்டுங்கள். பத்தைக் கழற்றிவிட்டு நினைவை நம்பினால் பெரியப்பாவின் தவறுகளோடு உங்கள் தவறும் சேரும்.

உங்கள் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது. அதே 117 வோல்ட்டைக் கொடுத்தால் இரும்பில் காந்தம் 20 சதவீதம் கூடும், சூடேறும். 500 வாட்ஸ் ஸ்டெப்-டவுன் வைத்து 105-ஐ ஒட்டிக் கொடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இன்னும் குறையுங்கள்.

கேள்வி: பழைய டி.வி. ஓடும்போது ஊசி போல ஒரு சத்தம் கேட்கிறது என்கிறான் என் மகன். எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் காது போச்சா, அவனுக்கு மனப்பிரமையா?

பதில்: அவன் காது நல்ல காது, உங்களுடையது வயதுக்கேற்ற காது. அது லைன் டிரான்ஸ்ஃபார்மர் அதிரும் சத்தம். வரிகளின் எண்ணிக்கையை நொடிக்கு எத்தனை முழுப் படம் என்பதால் பெருக்குங்கள். 625 வரி, 25 படம்: 15,625 ஹெர்ட்ஸ். அமெரிக்காவின் 525 வரி, 30 படம்: 15,750. பிரான்ஸில் ஓடிய 819 வரி: 20,475, அது பெரும்பாலோர் காதுக்கு எட்டாது. பிரிட்டனின் 405 வரி: 10,125. இதுதான் கொடுமை, தாத்தாவுக்கும் கேட்கும்.

பெயர் தெரியாத பெட்டிக்கு இது கைகண்ட சோதனை. அலைக்காட்டியின் புரோபை லைன் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். தொடக்கூடாது, தொட்டால் அலைக்காட்டி காலி. காற்றிலேயே அலை விழும். அதன் வேகத்தை அளந்தால் பெட்டி எந்த நாட்டு முறைக்குப் பிறந்தது என்று தெரிந்துவிடும். 15,625-ஐயும் 15,750-ஐயும் இப்படிப் பிரிக்க முடியாது, வரி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹோல்ட் குமிழைத் திருப்பினால் இரண்டுமே வரும். அங்கே ஒலிப் பகுதியைப் பார்க்க வேண்டும்: படத்துக்கும் ஒலிக்கும் நடுவே அமெரிக்காவில் 4.5 மெகாஹெர்ட்ஸ், 625 வரி நாடுகள் பலவற்றில் 5.5. எனக்கு 15,625 கேட்காமல் போய்ப் பத்து வருடமாகிறது. லைன் ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் பேத்தியைக் கூப்பிட்டு வாசலிலேயே நிற்கச் சொல்லிக் கேட்பேன். மீட்டரைவிட வேகமாகச் சொல்வாள்.

கேள்வி: உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ஒரு சின்ன எல்.சி.டி. திரை வைத்தால் அழகாக இருக்குமே?

பதில்: இருக்கும். மீன்தொட்டி வைத்தாலும் அழகாக இருக்கும். எடுத்ததை மட்டும் குப்பையில் போடாமல் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: (முதல் வாசகர், மூன்றாவது கடிதம்) எல்லாம் மாற்றியாயிற்று. சீரிஸ் லாம்ப் தாண்டி, முழு வோல்ட்டேஜும் கொடுத்தேன். எல்லா வால்வும் எரிகின்றன. ஒலியில் இரைச்சல் வருகிறது. திரையில் இடமிருந்து வலமாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. கை நடுங்கிவிட்டது. அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவா! முக்கால் பெட்டி ஓடுகிறது. பிரைட்னஸை உடனே குறையுங்கள், அத்தனை வெளிச்சமும் ஒரே கோட்டில் விழுந்தால் திரையில் ஒளிரும் பாஸ்பர் பூச்சு கருகி அந்தக் கோடு நிரந்தரமாகிவிடும். அதோடு டியூபின் கழுத்தில் ஒரு சின்னக் காந்தம் கவ்வியிருக்கும், அயான் டிராப் என்பார்கள். அதை முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்பி, வெளிச்சம் எங்கே உச்சமோ அங்கே நிறுத்துங்கள். இடம் தவறி நின்றால் எலெக்ட்ரான் கற்றை துப்பாக்கியின் ஓரத்தையே சுடும்.

கோடு கிடக்கையாக இருப்பதால் லைன் வேலை செய்கிறது, ஈ.எச்.டி. இருக்கிறது. மேலும் கீழும் இழுக்கிற பகுதிதான் செத்திருக்கிறது. வெர்ட்டிகல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் முடி போன்ற கம்பி அறுந்திருக்கும் என்பது என் ஊகம். பழைய பெட்டிகளில் வழக்கமாகப் போவது அதுதான். அவுட்புட் வால்வின் பிளேட்டில் (கரண்ட் போய்ச் சேரும் தகடு) வோல்ட்டேஜ் இல்லையென்றால் அதேதான். இருந்தால் முன்னால் போய், அந்த அலையைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர் வால்வின் கிரிட்டை அளங்கள். ஓடுகிற ஆசிலேட்டரின் கிரிட்டில் மைனஸ் நிற்கும். நிற்கவில்லையென்றால் அது ஓடவில்லை.

கேள்வி: (அதே வாசகர், நான்காவது கடிதம்) ஐயா, டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறது. பிளேட்டில் வோல்ட்டேஜ் இருந்தது. ஆசிலேட்டர் வால்வு 6ஜே5. கிரிட்டில் மைனஸ் இல்லை. அதன் பிளேட்டான 3-ஆம் காலில் எதுவுமே இல்லை. வால்வை மாற்றினேன், அதுவும் எரிகிறது, ஆனால் அதே கோடு. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் பத்து சாக்கெட்டுகளைத்தான் நீங்கள் சொன்னபடி வரைந்தேன். 630 என்று தெரிந்து, சர்க்யூட்டும் கிடைத்ததும் வரைவதை நிறுத்திவிட்டேன். நேற்று இந்த சாக்கெட்டை உட்கார்ந்து வரைந்தேன். 3-க்கு வர வேண்டிய கம்பி 6-இல் இருக்கிறது. 5-க்கு வர வேண்டியது 4-இல். 8-க்கு வர வேண்டியது 1-இல். ஈயம் பழைய ஈயம், யாரும் கை வைத்த தடமே இல்லை. பெரியப்பா தவறாகக் கட்டிவிட்டாரா? இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். ஒரு வாரம் ராத்திரி முழுக்க அதோடு உட்கார்ந்திருந்துவிட்டு ஒருநாள் பரணில் ஏற்றினாராம், அதன் பிறகு அதைப் பற்றி யாரும் பேசினால் எழுந்து போய்விடுவாராம். இதை நான் மாற்றலாமா, அப்படியே விடுவதா?

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் ஊகம் தவறு, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் வரைவதை நிறுத்தியதிலும் எனக்குப் பங்குண்டு. பெயரைத் தேடாதே என்று சொல்லிவிட்டுப் பெயரை எடுத்துக் கையில் கொடுத்தவன் நான்தான்.

நடந்தது இது. எட்டுக் கால் சாக்கெட்டை அடியிலிருந்து எண்ண வேண்டும். பெரியப்பா இந்த ஒன்றை மட்டும் மேலிருந்து பார்க்கும் கணக்கில் எண்ணியிருக்கிறார். கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் இடம் மாறும்: 1 போய் 8, 3 போய் 6, 5 போய் 4. இப்போது ஹீட்டரைப் பாருங்கள். 6ஜே5-க்கு ஹீட்டர் 2-லும் 7-லும். அவை இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொள்ளும், ஹீட்டருக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். அதனால் வால்வு எரிந்தது. அவருக்கும் எரிந்தது, உங்களுக்கும் எரிந்தது. எரிகிற வால்வை யார் சந்தேகப்படுவார்கள்? பிளேட், கிரிட் கம்பிகள் போய்ச் சேர்ந்த 6-ம் 4-ம் இந்த வால்வில் வெறும் கால்கள். ஷார்ட் இல்லை, புகை இல்லை, நாற்றம் இல்லை. அவர் பார்த்ததும் நீங்கள் பார்த்த அதே கோடுதான். மீதி 29 வால்வின் வேலையையும் சரியாகச் செய்திருக்கிறார். கப்பலில் மோர்ஸ் தட்டிய கை, ஈயம் வைத்த சுத்தத்தை உங்கள் போட்டோவிலேயே பார்க்கிறேன்.

மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். படம் வருவதற்காகத்தான் அவர் கட்டினார். மாற்றுமுன் நல்ல வெளிச்சத்தில் அந்த சாக்கெட்டை நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள். கம்பியை வெட்டாதீர்கள். ஈயத்தை உறிஞ்சி எடுத்து அதே கம்பியை நகர்த்தினால் எட்டும், எட்டாவிட்டால் மட்டும் ஒட்டுப் போடுங்கள். எங்கே என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பெரியப்பாவின் பெயரையும் அதில் எழுதுங்கள். இந்தப் பெட்டிக்கு வேறு கம்பெனிப் பெயர் தேவையில்லை. அப்படியே மிச்சமிருக்கும் சாக்கெட்டுகளையும் வரைந்துவிடுங்கள், இன்னொன்று இருந்தாலும் இருக்கும்.

படத்துக்கு சிக்னல் வேண்டுமே. அமெரிக்காவின் முழுச் சக்தி நிலையங்கள் 2009 ஜூனில் அனலாகை நிறுத்தின. இனி நீங்களே ஒளிபரப்ப வேண்டும். ஒரு டி.வி.டி. பிளேயரில் வெளியீட்டை என்டிஎஸ்சி (அமெரிக்க டி.வி. முறை) என்று வைத்து, அதை அமெரிக்க முறையில் 3 அல்லது 4-ஆம் சேனல் சிக்னலாக மாற்றிக் கொடுக்கும் மாடுலேட்டர் வழியாக அனுப்புங்கள். யு.எச்.எஃப். மாடுலேட்டர் இந்த டியூனருக்குப் புரியாது. ஆன்டெனா திருகு 300 ஓம், மாடுலேட்டர் 75 ஓம், நடுவே இரண்டையும் பொருத்தும் குட்டி டிரான்ஸ்ஃபார்மரான பாலன் ஒன்று. படம் லேசாக நெளிந்து ஆடும், நொடிக்குப் பத்து முறை. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸும் 60 ஹெர்ட்ஸ் படமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அதைப் பழுது என்று துரத்தாதீர்கள்.

படம் நின்றதும் உயரத்தையும் லீனியாரிட்டியையும் மாற்றி மாற்றித் திருப்பி வட்டம் வட்டமாகத் தெரியும் வரை சரிசெய்யுங்கள். டியூபுக்கு முன்னால் பாதுகாப்புக் கண்ணாடி, பின்னால் மூடி, இரண்டையும் திருகி முடியுங்கள். அதன் பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வையுங்கள்.